நடவு வயலின் வெளிச்சமும் பேஸ்டலும்: டெல்டாவில் வரைகிறவர்கள் வாங்க, பேசலாம்

வெட்டாற்றங்கரை எழுதியது:

டெல்டாவில் வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. நடவு முடிந்த புதிதில் வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில் கீழிருந்தும் வருகிறது. வரப்பில் நிற்பவரின் தாடைக்கு அடியில், குனிந்து நாற்று நடும் பெண்களின் முகத்தில், தென்னை ஓலையின் அடிப்பக்கத்தில் எல்லாம் ஒரு வெளிர் நீலம் படிந்திருக்கும். மேட்டு நிலத்தில் அந்த இடங்கள் இருட்டாக இருக்கும். நம் பக்கம் அப்படி இல்லை. இந்தக் கீழ்வெளிச்சத்தைத்தான் நான் பல வருடமாக சாஃப்ட் பேஸ்டல் என்ற நிறப்பொடிக் குச்சியில் வரைந்துகொண்டிருக்கிறேன். இதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காததால் இங்கே இழை தொடங்குகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். திருவாரூர் பக்கம் கடைப் பலகை எழுதித் தொழிலுக்கு வந்தவன். தகரத்தில் எனாமல், கல்யாணத்துக்குத் துணி பேனர், தேர்தல் வந்தால் சுவர். ஃபிளெக்ஸ் வந்த சில வருடத்தில் அந்த வேலை முழுக்கப் போய்விட்டது. கூடப் பிரஷ் பிடித்தவர்கள் பலர் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்பயிற்சி, தையல் என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்களே, அதில் ஓவியத்துக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். வாரத்தில் மூன்று அரை நாள் பள்ளி, மற்ற நேரமெல்லாம் வயல்வெளி.

ஏன் பேஸ்டல்? நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரிக்குள். சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்குவதால், மறைந்த பிறகு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வெளிச்சம் நிற்கும். எண்ணெய் வண்ணத்தைக் குழைத்து முடிப்பதற்குள் வானம் மாறிவிடும். வாட்டர்கலர் என்றால் ஐப்பசியில் தாள் காய்வதே இல்லை. பேஸ்டலில் குழைக்கவும் வேண்டாம், காயவும் வேண்டாம். நிறம் ஏற்கெனவே குச்சியாகக் கையில் இருக்கிறது. பார்த்ததும் வைத்துவிடலாம்.

இங்கே வேறு யாராவது பேஸ்டலில் வரைகிறீர்களா?

---

குடந்தை ரசிகன் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் வரைகிறவன் இல்லை, பார்க்கிறவன். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரிக் கண்காட்சி எதையும் தவறவிட்டதில்லை. மரியாதையோடு மாற்றுக் கருத்து சொல்கிறேன்.

வெளிச்சம் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஓவியர் இளையராஜா. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்காரர், அதே கல்லூரியில் படித்தவர். ஜன்னலிலிருந்தும் நிலைப்படியிலிருந்தும் வரும் வெளிச்சம் ஒரு பெண்ணின் முகத்தில் விழுவதை அவர் வரைந்தால், அந்த வீட்டுத் தரையின் குளிர்ச்சிகூடத் தெரியும். 2021-ல் கொரோனா அவரைக் கொண்டுபோனது இந்த மண்ணுக்குப் பெரிய இழப்பு. எண்ணெய் வண்ணத்தில் அவர் காட்டிய ஆழம் பேஸ்டலில் வருமா? பேஸ்டல் என்றதும் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெட்டிதான் பலருக்கும் நினைவு வரும். அதோடு நம் ஈரப்பதத்தில் இந்தப் பொடி எத்தனை காலம் தாங்கும்?

---

வெட்டாற்றங்கரை எழுதியது:

இளையராஜாவைச் சொன்னீர்கள், எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவர் படங்களைப் பார்த்துத்தான் நம் ஊர் வீடுகளுக்குள் இருக்கும் வெளிச்சத்தை நம் பிள்ளைகள் மதிக்கக் கற்றுக்கொண்டார்கள். அவர் வீட்டுக்குள் நின்றார். நான் வெளியே வயலில் நிற்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகளிடம் இருப்பது ஆயில் பேஸ்டல். மெழுகும் எண்ணெயும் சேர்ந்தது, 1920-களில் ஜப்பானில் வந்தது. நான் சொல்லும் சாஃப்ட் பேஸ்டல் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. நிறப்பொடி, சுண்ணம், ஒட்டுவதற்குக் கொஞ்சமே கொஞ்சம் பிசின், அவ்வளவுதான் சரக்கு.

ஆழத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எண்ணெயில் நிறத்துகள் ஒவ்வொன்றும் எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும். வெளிச்சம் உள்ளே போய்த்தான் திரும்ப வரும். அந்த ஆழம் பேஸ்டலுக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பேஸ்டலில் துகளுக்கும் துகளுக்கும் நடுவே காற்றுதான் இருக்கிறது. அதனால் வெளிச்சம் மேற்பரப்பிலேயே நாலாபக்கமும் சிதறும். மினுமினுப்பு இருக்காது, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நிறம் ஒரே மாதிரி நிற்கும். பொடி உதிராமல் இருக்க ஃபிக்ஸேட்டிவ் என்ற பசைக் கரைசலை அடித்ததும் படம் ஒரு படி இருண்டுபோவதற்கும் இதுவே காரணம். அந்தக் காற்று இருந்த இடத்தைப் பசை நிரப்பிவிடுகிறது. எண்ணெய் இல்லாததால் காலப்போக்கில் மஞ்சளாவதும் இல்லை.

மார்கழிக் காலையில் பனி மூடிய சம்பா வயலைப் பாருங்கள். அங்கே ஆழம் என்று ஒன்று இருக்கிறதா? வெளிச்சம் காற்றிலேயே சிதறி நிற்கிறது. அதை வரைய பேஸ்டலை விடப் பொருத்தமான பொருளை நான் கண்டதில்லை.

---

மேலவீதி எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் தஞ்சாவூர்ப் பட வேலை செய்கிற குடும்பம். நீங்கள் சொன்ன சரக்கைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் படத்தில் நகையும் மண்டபமும் புடைத்து நிற்கிறதே, அதுவும் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) பொடியும் பிசினும்தான். அதன் மேல் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தகட்டை, ஒட்டுகிறோம். பூஜை அறையில் குத்துவிளக்கின் சுடர் அசைந்தால் ரேக்கும் கூடவே அசையும். டியூப் லைட்டின் கீழே அந்தப் படம் பாதி செத்துப்போகும். நாங்கள் வெளிச்சத்தை வரைவதில்லை, வந்து உட்கார அதற்கு இடம் செய்து வைக்கிறோம்.

பெரிய கோயில் உள்சுற்றில் 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டெடுத்த சோழர் ஓவியங்களும் எண்ணெய் படாதவை. ஈரச் சுண்ணாம்புச் சாந்தில் நிறத்தை ஏற்றியது. மேலே நாயக்கர் காலப் பூச்சு மூடியிருந்தது, அது உதிர்ந்த இடத்தில் தெரிந்தது. அந்த இருட்டு நடையில் ஒரு கைவிளக்கை வைத்துக்கொண்டு எப்படித்தான் வரைந்தார்களோ என்று ஒவ்வொரு தடவையும் கைகூப்பத் தோன்றும். நீங்கள் வயலில் செய்வதும் நம் வழி வந்த வேலைதான் தம்பி. விட்டுவிடாதீர்கள்.

---

மகிழம்பூ எழுதியது:

சார், நான் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் வருடம். போன மாதம்தான் சாஃப்ட் பேஸ்டல் முதல்முறை வாங்கினேன். வெளிச்சம் வர வேண்டும் என்று வெள்ளையை எடுத்துத் தேய்த்தால் படம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடுகிறது. நெல் வயல் பச்சையும் பிளாஸ்டிக் பச்சை மாதிரி இருக்கிறது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? தாள் என்ன?

---

வெட்டாற்றங்கரை எழுதியது:

மேலவீதி ஐயா, உங்கள் வார்த்தை எனக்கு விருது மாதிரி. நன்றி.

மகிழம்பூ, வெள்ளைக் குச்சியை முதலில் பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாக வைம்மா. படம் முடியும்வரை அதைத் தொட வேண்டாம். வெளிச்சம் தெரிவது பக்கத்தில் இருக்கும் நிழலால். நிழலில் நிறம் இருக்க வேண்டும். கருப்பு வேண்டாம். காலை எட்டு மணிக்கு வைக்கோல் போரின் நிழலைப் போய்ப் பார், ஊதாவும் நீலமும் கலந்திருக்கும். அதைச் சரியாக வைத்தாயானால் போரின் வெயில் பக்கத்துக்கு வெறும் காவி மஞ்சளே போதும், பளீரென்று தெரியும்.

பச்சைக்கு வருவோம். இது எனக்கு மிகப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். டெல்டாவில் ஒரே பச்சை கிடையாது. நாற்றங்கால் பச்சை கண்ணைக் கூசும் மஞ்சள் பச்சை. நட்டு வேர் பிடிக்கும்வரை வயலில் பச்சையே குறைவு, வானத்தின் நிறம்தான் அதிகம். தூர் கட்டிய பிறகு கரும்பச்சை. பால் பிடிக்கும்போது மேலே ஒரு சாம்பல் படலம் வரும். தை பிறப்பதற்குள் பச்சை கீழே போய்விடும், மேலே பொன். இதெல்லாம் பயிரின் நிறம். வெளிச்சத்தின் திசையும் சேர்ந்தால் கணக்கே வேறு. சூரியனைப் பார்த்து நின்றால் வெளிச்சம் இலைக்குள் புகுந்து வரும், பயிர் மஞ்சளாக எரியும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் இலையின் மேல்பக்கம் வானத்தை வாங்கி நீலமாகிவிடும். ஒரே வயல், ஒரே நேரம். வரப்பில் நின்று திரும்பினால் போதும்.

பெட்டியில் வரும் பச்சைக் குச்சிகளை அப்படியே வைத்தால் பிளாஸ்டிக் மாதிரித்தான் இருக்கும். நான் அடியில் செங்கல் காவி பூசிவிடுகிறேன். அதன் மேல் பச்சையை அழுத்தாமல், குச்சியைப் படுக்கப் போட்டு இழுத்தால் இடையிடையே காவி எட்டிப் பார்க்கும். பச்சைக்கு உயிர் வரும். விரலால் தேய்க்காதே. தேய்த்தால் துகள் நசுங்கித் தாளின் பள்ளத்தில் இறங்கிவிடும், மேலே சொன்ன அந்தச் சிதறல் போய்விடும்.

தாளுக்குச் சொரசொரப்பு வேண்டும். பேஸ்டலுக்கென்றே வரும் வெளிநாட்டு மணல்தாள் விலை கட்டுப்படியாகாது. கெட்டி மவுண்ட் போர்டில் ஜெஸ்ஸோவோடு (ஓவியத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) நைசான மார்பிள் பொடியைக் கலந்து, ஒரு பூச்சை நெடுக்காகவும் இன்னொன்றைக் குறுக்காகவும் அடி. அந்தக் கலவையிலேயே காவியைச் சேர்த்துவிட்டால் அடிநிறமும் ஆயிற்று. ஹார்டுவேர் கடை உப்புத்தாளில் வரைய நினைக்காதே. நிறத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதன் அடித்தாளும் பசையும் ஓவியத்துக்காகச் செய்தவை அல்ல, வருடங்கள் தாங்காது.

---

காரைக்கால் பாரிஸ் எழுதியது:

அண்ணே, நம்ம காரைக்கால்தான், இப்போ குடும்பத்தோட பாரிஸ்ல இருக்கேன். குடந்தை ரசிகன் அண்ணன் கேள்விக்கு நான் இங்கே கண்ணால பார்த்ததச் சொல்றேன்.

ஓர்சே மியூசியத்துல பேஸ்டல் வைக்கிற அறைக்குள்ள போனா கண் பழகவே கொஞ்ச நேரமாகும். வெளிச்சத்த அவ்வளவு குறைச்சு வச்சிருப்பாங்க, நிறம் வெளிறக் கூடாதுன்னு. அந்த மங்கல்லயும் தெகாங்கிற பிரெஞ்சு ஓவியரோட நடனப் பெண்கள் பாவாடை எரியும். மேடை விளக்கு கீழருந்து மேல அடிக்கிற முகங்கள் அவர் படத்துல நிறைய. நீங்க கீழ்வெளிச்சம்னு எழுதினதும் எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. அவருக்குப் பார்வை வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே போச்சு. ஒரு அடுக்கு போட்டு ஃபிக்ஸேட்டிவ், அது மேல இன்னொரு அடுக்குன்னு கட்டிக்கிட்டே போவாராம்.

லூவர் மியூசியத்துல ஷார்தேன்ங்கிற பிரெஞ்சு ஓவியரோட சுயஉருவப் படங்கள் இருக்கு, 1771-லயும் 1775-லயும் வரைஞ்சது. எழுபது வயசத் தாண்டி, கண் கெட்டு, எண்ணெய் வண்ணம் ஒத்துக்காமப் போனப்போ பேஸ்டலுக்கு வந்த மனுஷன். 1775 படத்துல கண்ணுக்கு மேல மறைப்பு கட்டியிருப்பார். அந்த மறைப்போட நிழல் நெத்தியில விழுறத அப்படி வரைஞ்சிருக்கார்ண்ணே. 250 வருஷம் ஆச்சு, நேத்து போட்ட மாதிரி இருக்கு. பேஸ்டல் தாங்குமான்னு கேட்டா, தாங்கும்னு அந்தப் படம் சொல்லுது.

---

குடந்தை ரசிகன் எழுதியது:

அருமையான பதிவு தம்பி. ஆனால் பாரிஸ் மியூசியத்தில் ஏசி ஓடுகிறது. என் கவலை நம் வீட்டுச் சுவரைப் பற்றியது. உறவினர் வீட்டில் தாத்தாவின் பேஸ்டல் படம் ஒன்று இருந்தது. ஃபிரேம் போட்டவர் கண்ணாடியைப் படத்தோடு ஒட்டவைத்துச் சட்டம் அடித்துவிட்டார். இரண்டு மழைக்காலம் போனதும் தாத்தாவின் கன்னத்தில் பூஞ்சை பூத்தது. கண்ணாடியைக் கழற்றினால் பாதி முகம் கண்ணாடியோடு வந்தது. அந்த வீட்டுப் பாட்டி அன்றைக்கு அழுததை மறக்க முடியாது. அதனால்தான் கேட்கிறேன்.

---

வெட்டாற்றங்கரை எழுதியது:

படிக்கவே வேதனையாக இருக்கிறது ஐயா. அந்தப் பாட்டிக்கு அது தாத்தாவை இரண்டாம் முறை பறிகொடுத்தது.

இது தடுக்கக்கூடியதுதான். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி கட்டாயம். மவுண்டை (படத்தின் ஓரத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) இரண்டடுக்காக வைக்கலாம், இல்லையென்றால் சட்டத்தின் உள்விளிம்பில் மெல்லிய கட்டை ஓட்டலாம். உதிரும் பொடி மவுண்டுக்குப் பின்னால் இறங்குமாறு வைத்தால் முன்பக்கம் சுத்தமாக இருக்கும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போடுகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அதைத் துடைத்தாலே மின்னூட்டம் ஏறிப் பொடியை இழுக்கும்.

சட்டத்தின் பின்பக்க மூலைகளில் ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடும். நம் ஊரில் மழைச்சாரல் அடிக்கும் சுவரும் சமையலறைச் சுவரும் ஐப்பசி கார்த்திகையில் தண்ணீரைக் குடித்து நிற்கும், அங்கே மாட்டவே கூடாது. சட்டம் போடாத படங்களை பட்டர் பேப்பர் போட்டுப் படுக்கை வாக்கில் அடுக்குகிறேன். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்த பெட்டி. வெயில் வந்ததும் திறந்து பார்ப்பேன், ஆனால் நேர் வெயிலில் காட்ட மாட்டேன். சில ரோஸ், ஊதாக் குச்சிகள் சீக்கிரம் வெளிறக்கூடியவை. உறையில் நிறம் தாங்குமா என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் வாங்குவேன்.

காரைக்கால் தம்பி, நீ எழுதியதை என் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். மேடை விளக்கும் நடவு வயலும் ஒரே வேலையைச் செய்வதை அவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். நம் நாட்டிலும் இதற்கு வேர் உண்டு. வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் கல்கத்தாவில் கிலார்டி என்ற இத்தாலியரிடம் முதலில் கற்றது பேஸ்டல்தான். தாகூர் வரைந்த பேஸ்டல் உருவப் படங்கள் இன்றும் இருக்கின்றன.

---

வேதை உப்புக்காத்து எழுதியது:

எல்லாருக்கும் வணக்கங்க. நான் படம் வரையத் தெரியாதவன். வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்பு, கொஞ்சம் உப்பளத்து வேலை. ஒரு விஷயம் சொல்லணும்னு தோணுச்சு.

2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் அடிச்சுப் போட்டுட்டுப் போச்சு. பொழுது விடிஞ்சு வெளிய வந்து நின்னா ஊரே எனக்கு அடையாளம் தெரியல. மரம் விழுந்ததுனால மட்டும் இல்லீங்க. வெளிச்சம் மாறிப்போச்சு. எங்க வீட்டுத் திண்ணையில அதுக்கு முன்ன நேர் வெயில் விழுந்து நான் பாத்ததே இல்ல. எப்பவும் ஓலை நெழல் ஆடிக்கிட்டே இருக்கும். அன்னைக்குத் திண்ணை முழுக்க வெள்ளையா வெயிலு. எங்கம்மா அந்த வெயிலப் பாத்துட்டு உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாங்க. இப்ப புதுக் கன்னு வச்சு வந்திருக்கு, ஆனா பழைய நெழல் வர இன்னும் நாளாகும். அந்தப் பழைய வெளிச்சத்த யாராச்சும் வரைஞ்சு வச்சிருக்கீங்களா?

அப்புறம் எங்க அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்குப் பங்குனி வெயில்ல வந்து பாருங்க. அங்க எல்லாமே வெள்ளைதான். வெள்ளையத் தொடாதன்னு பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களே, அங்க என்ன பண்ணுவீங்க?

---

வெட்டாற்றங்கரை எழுதியது:

அண்ணே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

வைத்திருக்கிறேன். கஜாவுக்கு முன்னால் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்புகளில் உட்கார்ந்து வரைந்தவை. தோப்புக்குள் வெயில் நேராக வராது, ஓலை வழியாகச் சல்லடையாகி இறங்கும். தரையில் விழும் பொட்டுகள் வட்டவட்டமாக இருக்கும். ஓலை இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் பொட்டு வட்டம்தான், ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம் என்பதால். அந்த வட்டங்களின் ஓரம் மங்கலாக இருப்பதை வரைய பேஸ்டலின் பொடி அவ்வளவு ஒத்துப்போகும். உங்கள் ஊர்த் திண்ணை என்னிடம் இல்லை, ஆனால் அதே மாதிரி ஒரு திண்ணை இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்ப ஆசைப்படுகிறேன். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், இங்கே போட வேண்டாம்.

உப்பளம் நல்ல கேள்வி. உச்சி வெயிலில் உப்புக் குவியலின் வெயில்பட்ட பக்கத்தில் இளமஞ்சள் தெரியும். நிழல் பக்கம் வானத்தின் நீலம். பாத்தித் தண்ணீர் சில நேரம் இளஞ்சிவப்பு. இவையெல்லாம் ஏறிய பிறகு, மிகக் கூசும் அந்த ஒரு விளிம்பில் மட்டும் வெள்ளைக் குச்சியை ஒரே ஒரு தடவை அழுத்தி இழுப்பேன். அதற்காகத்தான் அதைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன்.

---

மகிழம்பூ எழுதியது:

சார், காவி அடித்து அதன் மேல் பச்சை போட்டேன். வயல் வயலாகவே வந்துவிட்டது! அம்மா பார்த்துவிட்டு "இது நம்ம வாய்க்கால் மேடுதானே" என்றார்கள். வீட்டில் என் படத்தை அடையாளம் கண்டுபிடித்தது இதுதான் முதல் தடவை.

ஒன்று கேட்கலாமா? இதை வைத்துப் பிழைக்க முடியுமா? அப்பா தினமும் கேட்கிறார். உண்மையைச் சொல்லுங்கள்.

---

வெட்டாற்றங்கரை எழுதியது:

சந்தோஷம்மா.

உண்மையைச் சொல்கிறேன். வயல் படத்தை மட்டும் விற்று என்னால் குடும்பம் நடத்த முடியவில்லை. சோறு போட்டது உருவப் படங்கள். மறைந்த பெரியவர்களின் பழைய புகைப்படத்தைக் கொடுத்து வரைந்து கேட்பார்கள். அறுபதாம் கல்யாணத்துக்குத் தம்பதி படம் கேட்பார்கள். அதை நான் மட்டமான வேலையாக நினைத்ததே இல்லை. ரோசல்பா கரியேரா என்ற வெனிஸ் நகரத்துப் பெண் மூக்குப்பொடி டப்பா மூடிகளில் படம் வரைந்துதான் தொழிலைத் தொடங்கினார். பிறகு பேஸ்டல் உருவப் படங்களுக்காகவே ஐரோப்பா முழுக்கத் தேடப்பட்டார். 1720-ல் பாரிஸ் ஓவிய அகாதெமியே அவரைச் சேர்த்துக்கொண்டது. பெண்களைச் சேர்ப்பது அரிதாக இருந்த காலம் அது. அப்பாவிடம் இதைச் சொல்.

உருவப் படத்திலும் வெளிச்சத்தை விட்டுக்கொடுக்காதே. கலர் லேபில் கழுவிய புகைப்படத்தில் முகத்துக்கு எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம் இருக்கும். அந்த வீட்டுக்குப் போ. அந்தப் பெரியவர் எந்த நாற்காலியில், எந்த ஜன்னல் பக்கம் உட்காருவார் என்று கேள். அந்த ஜன்னலின் வெளிச்சத்தை அவர் முகத்தில் வை. வீட்டார் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள், என்ன மாறியது என்று சொல்லத் தெரியாவிட்டாலும். இந்தக் கண்ணை எனக்கு வயல் கொடுத்தது. அதனால்தான் விற்காவிட்டாலும் வயலை வரைகிறேன்.

ஓவிய ஆசிரியர் தகுதியையும் சேர்த்து வாங்கிவிடு. சம்பளம் குறைவாக இருந்தாலும் மாதாமாதம் வருவது வீட்டுக்குத் தைரியம்.

---

குடந்தை ரசிகன் எழுதியது:

ஐயா, நான் கேட்டதற்கெல்லாம் பதில் கிடைத்தது. எண்ணெய் வண்ணத்தின் மீதான என் ஆசை குறையவில்லை, ஆனால் உங்கள் படங்களை நேரில் பார்க்க வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் கல்லணை வந்து நம் பக்கம் இறங்கி, குறுவை நடவு தொடங்கும்போது வெட்டாற்றங்கரைக்கு வரலாமா? மகிழம்பூவும் வீட்டாரோடு வரட்டும்.

---

வெட்டாற்றங்கரை எழுதியது:

தாராளமாக வாருங்கள். ஆனி மாதம் நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். அந்த நேரத்தில் படத்துக்கு ஒன்றும் தேறாது, அப்போது சாப்பிட்டுக்கொள்வோம். காலை ஆறிலிருந்து எட்டரை, மாலை ஐந்துக்கு மேல். மேலவீதி ஐயாவுக்கு உடம்பு ஒத்துழைத்தால் நான் போய் அழைத்து வருகிறேன்.

மகிழம்பூ, முகத்துக்கு மாஸ்க் எடுத்து வாம்மா. குச்சிப் பொடியை வாயால் ஊதாதே, சில நிறங்களில் காட்மியம் இருக்கும். அட்டையைத் திருப்பித் தட்டினால் போதும். ஈரத்துணி ஒன்று, பழைய அரிசி கொஞ்சம் ஒரு டப்பாவில். அழுக்கான குச்சிகளை அரிசியில் போட்டுக் குலுக்கினால் சுத்தமாகிவிடும். அட்டை நான் பூசி வைக்கிறேன். யார் யார் வருகிறீர்கள் என்று இங்கேயே சொல்லிவிடுங்கள்.